மலையேறிய பொருள் மலையிறங்கும் வழி



ஜவ்வாது மலையின் ஊர்ப் பெரியவர்களும் ஊராட்சி மன்றத்தினரும் தூய்மைக் காவலர்களும் கூடியிருக்கும் இந்த மண்டபத்தில், பரணில் கிடக்கும் பொருள்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒளி போன டியூப் லைட், சி.எப்.எல். பல்பு, டார்ச்சிலிருந்து கழற்றிய பேட்டரிக் கட்டைகள், உப்பிப்போன செல்போன் பேட்டரி, பாதி மிஞ்சிய பூச்சிமருந்துப் புட்டி, தேதி முடிந்த மாத்திரை அட்டை, படம் வராத கலர் டிவி. இவற்றை மற்றக் குப்பையோடு கொட்டக் கூடாது என்கிறது சட்டம். எரிக்கவும் கூடாது, ஓடையில் எறியவும் கூடாது. சரி, யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், சேகரிப்பு மையத்தில் கொடுங்கள் என்கிறது. அந்த மையம் எங்கே, எந்த நாளில் திறந்திருக்கும், போய்வரப் பேருந்துக் கட்டணம் எவ்வளவு ஆகும் என்று மலையிலிருக்கும் ஒரு குடும்பம் கேட்கும்போதுதான் பேச்சு நின்றுவிடுகிறது. கொடுக்க இடமில்லாத வீடு வேறென்ன செய்யும்? பரணில் வைக்கும். பரண் நிறைந்தால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவில் எறியும்.

அந்த வீட்டை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பொருளை மலைக்கு ஏற்றியவர் எவரோ, அதை இறக்கும் கடமையும் அவருக்கு உண்டு. ஏறி வந்த வழியிலேயே இறக்குவதுதான் இங்கே நடக்கக்கூடிய காரியம். நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2016 ஏப்ரல் 8 அன்று நடுவண் அரசு திடக்கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரிக்கப் பழகியிருந்த நமக்கு, வீட்டு அபாயகரக் கழிவு என்று மூன்றாவதாக ஒன்றை அந்த விதிகள் எடுத்துச் சொல்லின. பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்து டப்பா, சி.எப்.எல். பல்பு, டியூப் லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரச வெப்பமானி, தீர்ந்த பேட்டரி, குத்திய ஊசி, சிரிஞ்சு என்று பெயர் சொல்லியே பட்டியலிட்டன. நகரங்களில் 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வீதம் அமைத்து, அது திறந்திருக்கும் நேரத்தையும் அறிவிக்க வேண்டும் என்று உள்ளாட்சிகளுக்குக் கட்டளையிட்டன. நல்ல விதிதான். ஆனால் அது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் தொடக்கப் பகுதியைப் படித்துப் பாருங்கள். நகர்ப்புற உள்ளாட்சிகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாக எண்ணப்பட்ட ஊர்கள், தொழில் நகரியங்கள், ரயில்வே, விமான நிலையம், துறைமுகம், யாத்திரைத் தலங்கள் என்று பட்டியல் போகிறது. இந்த மலையின் நம்மியம்பட்டுக்கும் வீரப்பனூருக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. அதே ஆண்டு வந்த பிளாஸ்டிக் கழிவு விதிகள் கிராம ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டன. பிளாஸ்டிக் பை கிராமத்துக்குப் போகும் என்று தெரிந்த அரசுக்கு, டியூப் லைட்டும் போகும் என்று தோன்றாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. பத்தாண்டுகள் அப்படியே போயின.

2026 ஏப்ரல் 1 முதல் புதிய திடக்கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஈரக் குப்பை, உலர் குப்பை, நாப்கின் முதலிய சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டும் கழிவு என்று நான்காகப் பிரிக்கச் சொல்கின்றன. பெயிண்ட் டப்பா, பல்பு, பாதரச வெப்பமானி, மருந்து ஆகியவை நான்காவதில் சேரும். மலைப்பகுதிகளைத் தனியே குறிப்பிட்டுச் சொல்வதுதான் நமக்கு முக்கியம். சுற்றுலாப் பயணிகளிடம் கட்டணம் வாங்கலாம், மக்காத குப்பையைக் கொண்டுவந்து சேர்க்க இடம் குறிக்க வேண்டும் என்கின்றன. இங்கே கோடை விழாவுக்கும் பீமன் அருவிக்கும் கோமுட்டேரிப் படகுத் துறைக்கும் வருகிறவர்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்த வேலைக்கு வரலாம் என்று இதற்குப் பொருள். கேட்டு வாங்கினால்தான் வரும். கேட்க வேண்டியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள்.

இன்னொரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலை ஒன்று, மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூர் வட்டம் திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. புதூர்நாடும் நெல்லிவாசல்நாடும் புங்கம்பட்டு நாடும் 2019இல் பிறந்த திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. பீஞ்சமந்தையும் ஜார்தான்கொல்லையும் பலாம்பட்டும் வேலூரில் இருக்கின்றன. மலைக்கு வண்டிச் சாலைகளும் போளூர் வழி, ஆலங்காயம் காவலூர் வழி, அமிர்தி வழி என்று பிரிந்து கிடக்கின்றன. ஒரு மாவட்டத்தின் கழிவு வண்டி அடுத்த மாவட்டத்து எல்லையில் திரும்பிப் போகும். எல்லைக்கு இருபுறமும் உள்ள ஊர்கள் ஒரே வண்டியில் சேர வேண்டுமானால் மூன்று ஆட்சியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.

ஒரு டியூப் லைட்டில் என்ன இருக்கிறது என்று இத்தனை கவலை? சில மில்லிகிராம் பாதரசம்தான். காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடி வெப்பமானியில் அரை கிராமுக்கு மேல் இருக்கும்; நூறு பல்புகளில் இருப்பதைவிட ஒரு வெப்பமானியில் இருப்பது அதிகம். பாதரசம் உலோகமாக இருக்கும்போது ஆவியாகி மூச்சில் கலக்கும். மழையில் அடித்துக்கொண்டு போய் ஏரிச் சேற்றில் படிந்தால், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றும். அந்த வடிவம் மீனின் உடலில் ஏறும். சிறு மீனைத் தின்ற பெரிய மீனில் கூடும். மீனைத் தின்ற மனிதரின் நரம்பைக் கெடுக்கும். ஜப்பானின் மினமாட்டா ஊரில் 1956இல் கண்டறியப்பட்ட நோய், மெதில் பாதரசம் ஏறிய மீனைத் தின்றதால் வந்ததுதான்.

மலையில் கொட்டியது மலையிலேயே தங்காது. செய்யாறு இந்த மலையில்தான் பிறக்கிறது. சமவெளியின் வயல்களுக்கெல்லாம் பாய்ந்து திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. நீங்கள் ஊற்றில் மொண்டு குடிக்கும் நீரும் அவர்கள் வயலுக்குப் பாயும் நீரும் ஒன்றுதான். ஆகவே இறக்கும் செலவைச் சமவெளி மாவட்டங்களும் பங்கிட்டுக்கொள்வது நியாயம்.

பாதரசத்தை மலையிலிருந்து இறக்கிய கதை ஒன்று தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை பெயர்த்துக் கொண்டுவரப்பட்டுக் கொடைக்கானலில் நிறுவப்பட்டது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்துடையது, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. செய்த வெப்பமானிகள் பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போயின. உடைந்த கண்ணாடி மட்டும் ஊரிலேயே தங்கியது. 2001 மார்ச் 7 அன்று ஊர்மக்களும் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் வீதிக்கு வந்தார்கள். அவ்வூரின் மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லு 7 டன்னுக்கு மேல் கொட்டிக் கிடந்ததை உலகத்துக்குக் காட்டினார்கள். பஜாருக்கு அருகில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அது கிடந்தது. தொழிற்சாலை மூடப்பட்டது. 2003இல் 290 டன் கழிவு தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. அங்கே பாதரசத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை இருந்தது.

ஏழை நாட்டின் மலைக்கு ஏற்றப்பட்ட நஞ்சு, ஏற்றியவர் செலவிலேயே அது வந்த நாட்டுக்குத் திரும்பியது. மக்கள் நின்று கேட்டதால் இது நடந்தது. ஆனால் மண்ணில் இறங்கிய பாதரசம் கப்பலேறவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று வைத்த அளவை, சோலைக்காட்டுச் சரிவுக்கு அது போதாது என்று எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு 2016இல்தான் உடன்பாடு கிடைத்தது. டப்பாவில் இருக்கும்வரை அள்ளலாம். மண்ணில் கலந்தபின் அள்ள முடியாது. நம் பரணில் இருப்பது இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பாதரசத்தைப் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் சேர்ந்தது. வீட்டு உபயோக சி.எப்.எல். பல்புகளின் உற்பத்தியை 2025ஓடும் டியூப் லைட்டின் உற்பத்தியை 2027ஓடும் நிறுத்துவது என்று அதன் உறுப்பு நாடுகள் முடிவெடுத்திருக்கின்றன. எல்.இ.டி. வந்துவிட்டது. பரணில் இருக்கும் பழைய விளக்குகளை ஒருமுறை முழுதாக இறக்கிவிட்டால், பாதரச விளக்கு என்ற தொல்லை இந்த மலையில் அநேகமாகத் தீர்ந்துவிடும். முடிவு தெரியும் வேலை இது. தொடங்கத் தயங்குகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பொருள் மலையிலிருந்து தானாக இறங்குவது எப்போது? அதற்கு விலை இருக்கும்போது. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வந்தவரை இங்கே நரை கண்டவர்களுக்கெல்லாம் நினைவிருக்கும். இன்று அவர் மினி வேனில் வருகிறார். செம்புக் கம்பி, அலுமினியப் பாத்திரம், மோட்டார் எல்லாம் எடுத்துக்கொள்கிறார். பைக் பேட்டரியையும் எடுத்துக்கொள்கிறார், அதில் ஈயம் இருக்கிறது. புதிய பேட்டரி வாங்கினால் பழையதற்குக் கடைக்காரரே விலையில் கழித்துக்கொடுக்கிறார். பழைய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2001லேயே விதி வந்துவிட்டது. விலையும் இருந்ததால் அந்த விதி ஓரளவு நடந்தது. ஆனால் டார்ச் கட்டையை யாரும் கேட்பதில்லை. டியூப் லைட்டைத் தொடவே மாட்டார்கள். டிவியில் உள்ள செம்பை உருவிக்கொண்டு படக்குழாயை ஓடையோரம் போட்டுவிட்டுப் போகும் வியாபாரியும் உண்டு. விலையில்லாதது மலையில் தங்கும், விலையில்லாதவற்றில்தான் நஞ்சு அதிகம். ஆகவே விலை இல்லாததற்கு விலை வைக்க வேண்டும்.

அது முடியுமா என்று கேட்பவர்களுக்கு நீலகிரியைக் காட்டுகிறேன். காட்டில் எறியப்பட்ட மதுப்புட்டிகள் உடைந்து யானையின் காலைக் கிழிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்துப் பேசியது. 2022 மே மாதம் அந்த மாவட்டத்தின் டாஸ்மாக் கடைகளில் ஒரு புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, வெறும் புட்டியைக் கொண்டுவந்தால் அந்த 10 ரூபாயைத் திருப்பித் தருவது என்று தொடங்கினார்கள். விற்ற புட்டிகளில் மிகப் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. குடித்தவர் எறிந்த புட்டியையும் வேறொருவர் பொறுக்கி வந்து கொடுத்துப் பத்து ரூபாய் வாங்கினார். பிறகு திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் போனது. கடை ஊழியர்கள், எங்களுக்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை, வேலை மட்டும் கூடுகிறது என்று முறையிட்டதையும் சொல்ல வேண்டும். அந்த முறையீடு நியாயமானது. திருப்பி வாங்குவதும் ஒரு வேலை, அதற்கும் கூலியும் இடமும் உண்டு. நம் தூய்மைக் காவலர்களின் தலையில் இதையும் கூலியில்லாமல் ஏற்றிவிடக் கூடாது.

விற்ற கடை, விற்ற பொருளின் புட்டியைத் திரும்ப வாங்கியது. நீலகிரியில் நடந்தது அவ்வளவுதான். ஏற்றியவர் இறக்கினார்.

இப்போது கலர் டிவிக்கு வருகிறேன். 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகளைத் தமிழக அரசு வீடுவீடாகக் கொடுத்தது. 2011இல் வந்த அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. மலைக் குடிகளின் வீட்டில் முதன்முதலாக நுழைந்த மின்பொருள் பல ஊர்களில் இவைதாம். கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. உலகத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த பெட்டி அது. ஆனால் அந்தப் பெட்டிகள் படக்குழாய் வகை. குழாயின் கூம்புக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உட்பூச்சில் வேறு சில உலோகங்களும் உண்டு. அதை உடைத்தால் ஈயத் தூள் பிள்ளைகள் விளையாடும் மண்ணில் விழும். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் எந்த அளவிலும் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அரசின் கிடங்கிலிருந்து லாரியில் ஏறி, ரேஷன் அட்டையில் பதிந்து, வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்த பெட்டி அது. யாருக்குக் கொடுத்தோம் என்ற பட்டியல் அரசிடம் இருந்தது. அதே ரேஷன் கடை வாசலில் ஒரு நாள் குறித்து, கெட்டுப்போன பெட்டியைக் கொண்டுவாருங்கள், ஒரு எல்.இ.டி. பல்பு தருகிறோம் என்று அறிவித்தால் போதும். ஒரு பல்பு போதுமா என்று கேட்கலாம். பரணை அடைத்துக்கொண்டு கிடக்கும் பெட்டி போனாலே வீட்டுப் பெண்களுக்கு நிம்மதி.

மின்னணுக் கழிவுக்கு விதி இல்லாமல் இல்லை. 2022இல் எழுதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் 106 வகைப் பொருள்களைச் சொல்கின்றன. பாதரச விளக்குகளும் அவற்றில் அடங்கும். செய்தவரே திரும்ப எடுக்கப் பொறுப்பு என்பது அந்த விதிகளின் அடிப்படை. பேட்டரிக்கும் 2022 ஆகஸ்டில் அப்படியே ஒரு விதி வந்தது. டார்ச் கட்டை முதல் மின்வண்டி பேட்டரி வரை எல்லாவற்றையும் அது சேர்த்துக்கொள்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செய்தவர் தம் பொறுப்பை எப்படித் தீர்க்கலாம்? பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை இத்தனை டன் பிரித்தோம் என்று தரும் சான்றிதழை வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டால் போதும். எந்த ஊரின் கழிவு என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. பெருநகரத்தின் ஓரத்தில் குவிந்த கழிவிலேயே கணக்கு நிறைந்துவிடும்போது, எவர் இம்மலையின் கானமலை ஊருக்கு வண்டி அனுப்புவார்? எடைக்கணக்கு வைத்த விதியில் தூரத்துக்கும் ஒரு கணக்கு வைக்க வேண்டும். மலையிலிருந்தும் தீவிலிருந்தும் இறக்கிய ஒரு கிலோவைச் சமவெளியின் இரண்டு மூன்று கிலோவாக எண்ண வேண்டும் என்பது என் கோரிக்கை. அப்படி எண்ணினால் நிறுவனங்களே ஆள் அனுப்பும்.

இந்தக் கோரிக்கையை உங்கள் மண்ணிலிருந்தே எழுப்புவதற்குத் தனி உரிமை உண்டு. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்நாட்டின் சட்டத்தில் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் ஆலைகளின் கழிவால் கெட்ட பாலாற்றுக்காக வேலூர் மக்கள் நலச் சங்கத்தார் தொடுத்த வழக்கு அது. செய்யாறு போய்ச் சேரும் அதே பாலாறு. ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய ஒரு குரோமிய ஆலை விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகள் அப்படியே கிடந்ததும் உங்களுக்குத் தெரியும். தீர்ப்பு இருந்தும் அள்ள ஆள் இல்லாவிட்டால் இதுதான் கதி.

மருந்துக்கு வருகிறேன். இதற்கு வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவந்து தரும் அம்மாவே தேதி முடிந்த அட்டையையும் இன்சுலின் ஊசியையும் திரும்ப எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்த்தால் என்ன? அங்கே மருத்துவக் கழிவுக்குத் தனி வாளி உண்டு, அதை எடுத்துப்போக வண்டியும் உண்டு. கேரளத்தில் 2025 பிப்ரவரியில் கோழிக்கோட்டில் வீடுகளிலிருந்து பழைய மருந்தைச் சேகரிக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு மே மாதம் நடுவண் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. பெரும்பாலும் வலிக்குத் தரும் கடுமையான 17 மருந்துகள் வேறொருவர் கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால் அவற்றை மட்டும் கழிப்பறையில் ஊற்றிவிடலாம், மற்றவற்றைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. நுண்ணுயிர் எதிர்ப்பு மாத்திரையை ஓடையில் போட்டால், அங்குள்ள கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். நாளைக்குப் பிள்ளைக்குச் சீதபேதி வரும்போது அந்த மருந்து கேட்காது.

எல்லாவற்றிலும் கடினமானது பூச்சிமருந்து. 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளில் 44ஆம் விதி இதைப் பேசுகிறது. வெறும் டப்பாவை மறுபடி எவரும் பயன்படுத்தாதபடி உடைத்து, குடியிருப்புக்கு அப்பால் புதைக்கச் சொல்கிறது. தகர டப்பா இருந்த காலத்துச் சமவெளி விதி அது. மண் ஆழமில்லாத, எங்கு தோண்டினாலும் ஊற்றுக்கு மேலேயே இருக்கும் மலைச்சரிவில் புதைப்பது நல்ல யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை. விற்ற கடை திரும்ப வாங்க வேண்டும். பழங்குடியினரின் லேம்ப் கூட்டுறவுச் சங்கம் போன்ற உங்கள் சொந்த அமைப்பு இதை முதலில் செய்து காட்டலாம்.

தடைசெய்யப்பட்ட மருந்து மிஞ்சியிருந்தால் அது இன்னும் பெரிய தொல்லை. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடுத்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களுக்காக அரசு நிறுவனம் வாங்கி வைத்த பீப்பாய்கள் கிடங்கில் கசியத் தொடங்கின. 2012இல் புதிய பீப்பாய்களுக்கு மாற்றினார்கள். அழிக்க வழி காணாமல் அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தன. ஓர் அரசு நிறுவனமே இப்படித் தவித்தது என்றால், வீட்டுக் கூரையில் செருகி வைத்த எலி பாஷாணப் பசையை ஒரு குடியானவர் என்ன செய்வார்? அந்த மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழக அரசு தடைசெய்துவிட்டது. தடை செய்த அன்றே, வீட்டில் இருப்பதை எங்கே தருவது என்றும் அரசாணையில் எழுத வேண்டும். எழுதாத தடை பாதித் தடை.

இங்கே ஒரு மறுப்பு வரும். வாங்கி வைத்துவிட்டு அனுப்ப முடியாமல் போனால், வீடுகளில் சிதறிக் கிடந்த நஞ்சை ஊராட்சி அலுவலகத்தில் குவித்ததாக ஆகாதா? உண்மையான அச்சம். காசர்கோட்டில் அனுப்ப வழியில்லாமல் பீப்பாய்கள் தங்கியதைப் பார்த்தோம். ஆகையால் வாங்கும் இடத்துக்கு முன்பே எடுத்துச்செல்லும் நாளை முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் அபாயகரக் கழிவைப் பாதுகாப்பாக அடக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது, இங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டி எப்போது வரும், செலவு யார் கணக்கில் என்று மாவட்ட நிர்வாகமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் எழுத்தில் தந்தபிறகே கதவைத் திறக்க வேண்டும். டிவி, மிக்சி போன்றவை எந்த வண்டியிலும் இறங்கலாம். அரிசி மூட்டை ஏற்றி வரும் லாரியில் பூச்சிமருந்தும் பாதரசமும் மட்டும் ஏறவே கூடாது. வைக்கும் அறைக்குச் சிமெண்டுத் தரை, பூட்டு, காற்றோட்டம், ஒரு பதிவேடு வேண்டும். பள்ளிக்கூடத்தில் வைக்கக் கூடாது.

அந்த நாள் வரும்வரை வீட்டில் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள் அல்லவா? டியூப் லைட்டை அது வந்த அட்டையுறையிலேயே செருகி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் படுக்கவைத்துக் கட்டிவிடுங்கள். உடைந்துவிட்டால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், பாதரசம் பரவும். கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் கழித்து வாருங்கள். சில்லுகளைக் கெட்டி அட்டையால் அள்ளி, தூளைச் செல்லோ டேப்பால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடுங்கள். உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள். காய்ந்த மணல் நிரப்பிய மண்சட்டியில் புதைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். கடிகாரத்துப் பொத்தான் பேட்டரியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகத் தொடங்கும். கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். பூச்சிமருந்து டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி நிலத்துக்கே அடித்துவிடுங்கள். பிறகு டப்பாவின் அடியில் ஆணியால் துளை போடுங்கள். துளை விழுந்தால் அதில் எவரும் தேன் ஊற்ற மாட்டார்கள், எண்ணெய் வாங்கப் போக மாட்டார்கள்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வரும் கூட்டத்தில் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரே தீர்மானத்தை நிறைவேற்றினால், மூன்று மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரே வாசகம் போய்ச் சேரும். வரைவை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இலவசமாக வழங்கிய மின்பொருள்களை ரேஷன் கடை வழியே அரசு திரும்பப் பெற வேண்டும். வீட்டு மருந்துக் கழிவைச் சுகாதாரத் துறை திரும்பப் பெற வேண்டும். பூச்சிமருந்து டப்பாவுக்கு முன்பணம் வைத்து விற்ற கடை திரும்ப வாங்க வேண்டும். மலைக்கு ஆண்டில் இரண்டு முறை அபாயகரக் கழிவு வண்டி வரும் நாளை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். அதற்கான செலவில் ஒரு பங்கைச் சுற்றுலாக் கட்டணத்திலிருந்து தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் ஊருக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளுங்கள். ஊராட்சிச் செயலர்கள் புறப்படும் முன் மேசையிலிருந்து ஆளுக்கொரு படி எடுத்துச்செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.